முப்பத்தொரு வருட அனுபவமுள்ள பயிற்சி மாணவி

13 ஜனவரி 2025, திங்கள்

முப்பத்தொரு வருடம் நான் வேலை பார்த்த கிளினிக்கில் இன்று என்னைப் பயிற்சி மாணவியாகச் சேர்த்திருக்கிறார்கள். இது அநியாயம். அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதலாம்.

செய்தவள் டாக்டர் காமினி. பெரிய டாக்டர் வாசுவின் மகள். அவர் இறந்த பிறகு கிளினிக்கை அவள்தான் நடத்துகிறாள். பள்ளிச் சீருடையோடு என் கவுண்டருக்கு அடியில் தூங்கிய பிள்ளை. தொழிற்சாலை ஆட்களை எங்களுக்கு அனுப்புகிற பேனல் கம்பெனி புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறதாம். நோயாளியைத் தொடுகிறவர்கள் எல்லாரிடமும் சான்றிதழ் இருக்க வேண்டுமாம். என்னிடம் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களைத்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாள் விடாமல் படித்தேன். டாக்டர்களே அவற்றைப் படிப்பதில்லை.

ஆறு மாதம் சனி ஞாயிறுகளில் பட்டர்வொர்த்தில் ஒரு கல்லூரிக்குப் போனேன். வகுப்பில் எனக்கு அடுத்த மூத்தவளுக்கு இருபத்து மூன்று வயது. எனக்கு அறுபத்திரண்டு. எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். அதோடு விட்டார்களா? எட்டு வாரம் செய்முறைப் பயிற்சியாம். அதற்கு ஒரு புத்தகம், அதில் இருபத்திரண்டு வேலைகள். சான்றிதழ் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் மார்ச் பத்தாம் தேதியிலிருந்து கவுண்டருக்கு உள்ளே எனக்கு இடம் கிடையாது.

காமினி இதை மிகவும் பிரியமாகத்தான் சொன்னாள். "வேற எங்கயும் போய் அலைய வேணாம் லா, ஆன்ட்டி. இங்கயே செஞ்சிருங்க."

கையெழுத்துப் போடப் போகிறவள் ஷஹீரா. பாயான் பாருவிலிருந்து வருகிறாள். இருபத்து நான்கு வயது, டிப்ளோமா. ஒன்பது மாதத்துக்கு முன் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பஞ்சு எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டியதே நான்தான்.

முதல் வேலை, இட அறிமுகம். அவள் எனக்குக் கிளினிக்கைச் சுற்றிக் காட்டினாள். "இது டாய்லெட், ஆன்ட்டி," என்றாள். அந்த டாய்லெட்டுக்குக் குழாய் மாற்ற வந்தவனோடு மூன்று நாள் சண்டை போட்டவள் நான். எட்டிப் பார்த்தேன். தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

14 ஜனவரி

பொங்கல். அரை நாள் விடுப்புக் கேட்டேன். பயிற்சியில் இருப்பவர்களுக்கு விடுப்பு இல்லையாம்.

16 ஜனவரி, வியாழன்

இன்று கை கழுவக் கற்றேன். ஏழு படிகள். சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். படத்தை ஒட்டியது நான். கோவிட் சமயத்தில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அதைப் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்ததும் நான்.

ஒவ்வொரு நாளும் ‘இன்று நான் கற்றது’ என்று மலாயில் நூறு சொல் எழுதிக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் ஈரமானது என்று கற்றதாக எழுதினேன். மிச்சத் தொண்ணூற்றைந்து சொல்லுக்கு சோப்பைப் புகழ்ந்தேன். ‘சிறந்த சிந்தனை’ என்று பதில் வந்திருக்கிறது. படித்துப் பார்த்தார்களா என்பதுதான் சந்தேகம்.

20 ஜனவரி, திங்கள்

என் சட்டையில் ஒரு அட்டை தொங்குகிறது. பயிற்சி மாணவி என்று மலாயில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. தமிழில் இல்லை. அந்த மட்டும் சந்தோஷம்.

கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஷஹீரா பார்த்துவிட்டாள். பதினோராவது வேலையே அதுதானாம், சரியான உடையும் அடையாளமும். மறுபடி மாட்டினேன்.

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஃபெரியிலிருந்து இறங்கி நேராக மருந்து வாங்க வருகிற ஹபீப் முகம்மது அண்ணன் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "என்ன வள்ளி, இத்தனை வருஷம் நீ பாஸ் பண்ணாமத்தான் எங்களுக்கு மருந்து குடுத்தியா?" வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவருக்கு இருமல் மருந்து கொடுத்தேன். அளவு கரண்டி கொடுக்கவில்லை.

27 ஜனவரி, திங்கள்

பதினான்காவது வேலையில் தகராறு. இரத்த அழுத்தம் அளப்பது.

நூர்ஜான் அக்கா வந்திருந்தார். பதினோரு வருடமாக எங்கள் நோயாளி. புருஷன் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தவர், இப்போது மகன் நடத்துகிறான். வழக்கம்போல் கவுண்டர் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்து, பாஜு சட்டையின் நீளக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். காற்று ஏறும் நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பது என் பழக்கம். ஊசியா, பட்டையா என்று பயப்படாமல் இருப்பார்கள்.

மருமகள் பெயர் சலேஹா. மீன்கறிக்குக்கூட போனைப் பார்த்துத்தான் புளி கரைக்கிறாளாம். அது போகட்டும். போன வருடம் நோன்பு மாதத்தில் அக்கா சமையலறையில் தலை சுற்றி விழுந்தார் அல்லவா, இடுப்பில் அடி. இந்த வருடம் நோன்பு பிடிக்கவே கூடாது என்று சலேஹா சட்டம் போட்டிருக்கிறாள். "நாப்பத்தொம்பது வருஷமா ஒரு நோம்பு விட்டதில்ல, வள்ளி. இவ யாரு எனக்கு?" என்றார். எண் 156-க்கு 92. எழுதினேன்.

ஷஹீரா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். நோயாளி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், கை துணியில்லாமல் மேசைமேல் இருக்க வேண்டும், அளக்கும்போது இரண்டு பேரும் பேசக்கூடாது. இப்படிப் பத்து நோயாளிக்குச் செய்தால்தான் பதினான்காவது முடியும்.

நான் சொன்னேன் – நாலு ஆம்பளை உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கையைத் திற என்று சொல்ல எனக்கு வராது. முப்பது வருடமாக நான் காத்துவந்த மரியாதை அது. அவள் தன் தலைத் துணியை, அந்தத் தூடோங்கைச் சரிசெய்துகொண்டாள். "நானும் முஸ்லிம்தான் ஆன்ட்டி. உள்ள திரை போட்ட இடம் இருக்குல. அங்க கூட்டிட்டுப் போலாம்ல."

திரைக்குப் பின்னால் மருந்துக் கம்பெனிகள் கொடுத்த காலண்டர் பெட்டிகள் இருக்கின்றன. பதினெட்டுப் பெட்டி. அடுக்கியது நான். அதை அவளிடம் சொல்லவில்லை.

பேசாமல் அளப்பதாம். மனுஷியா, மாட்டு வைத்தியமா?

3 பிப்ரவரி

ஷஹீரா இன்று மூன்று வேலைக்குக் கையெழுத்துப் போட்டாள். பதினான்கு காலி.

12 பிப்ரவரி, புதன்

நேற்று தைப்பூசம். இன்று எம்.சி. திருவிழா, மருத்துவ விடுப்புச் சீட்டுக்கு.

எட்டரைக்குக் கதவைத் திறந்தால் இருபத்தாறு பேர். அத்தனை பேருக்கும் நேற்று ராத்திரி ஒரே நேரத்தில் வயிறு கெட்டிருக்கிறது. மூன்று பேருக்கு மொட்டை. ஒருவனுக்குக் காதுக்குப் பின்னால் சந்தனம் இன்னும் காயவில்லை. பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை செய்யும் கிஷன், தண்ணீர்மலைக் கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்த கால் கொப்புளத்தோடு நொண்டி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டான். வலி எங்கே என்றேன். வயிறு என்றான். காலைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். "ஆன்ட்டி, கால் வலின்னா சூப்பர்வைசர் நம்ப மாட்டான் லா," என்றான்.

பதினேழாவது வேலை, நோயாளியின் புகாரை உள்ளபடி பதிவு செய்தல். ‘வயிற்று வலி, பாதத்தில்’ என்று எழுதினேன். ஷஹீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையெழுத்தும் போட்டாள். சிரிக்கும்போது பரவாயில்லை அந்தப் பெண்.

17 பிப்ரவரி, திங்கள்

இருபத்தொரு கையெழுத்து ஆகிவிட்டது. பதினான்கு மட்டும் பாக்கி. இன்னும் மூன்று வாரம்.

காமினியிடம் போய் நேராகச் சொன்னேன். சின்னப் பெண் ஒருத்தி வேண்டுமென்று என்னை நிறுத்தி வைக்கிறாள், நீ சொல்லு. ஷஹீராவுக்குத் தன்னால் சொல்ல முடியாது என்றாள் காமினி. கையெழுத்து அவள் பெயரில் போகிறதாம்.

சரி. நானே நிரூபிக்கிறேன். நாளை நூர்ஜான் அக்கா நோன்புக்கு முன்னால் டாக்டரைப் பார்க்க வருகிறார். முதலில் என் முறையில் அளப்பேன். பிறகு ஷஹீராவின் முறையில், ஊமை மாதிரி. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும். அதை அவள் மூக்குக்கு நேராக நீட்டுவேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

என் முறையில் 158-க்கு 94.

ஐந்து பெட்டியை நகர்த்தித் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டேன். அக்காவை உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் நான் பேசவில்லை. "ஏன்மா, கோபமா?" என்று இரண்டு தடவை கேட்டார். விரலை வாயில் வைத்துக் காட்டினேன். துணியில்லாத கை.

124-க்கு 76.

மெஷின் கெட்டுவிட்டது.

19 பிப்ரவரி

பேட்டரி மாற்றினேன். அக்காவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன், சும்மா ஒரு சோதனை என்று. டாக்டர் அறையிலிருந்து வேறு மெஷின் எடுத்து வந்தேன். பேசாமல் அளந்தால் 122. பிறகு சலேஹாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே துணிமேல் அளந்தேன். 155.

இரண்டு மெஷினும் ஒரே மாதிரி கெடுமா?

அக்கா எழுந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டார். எழுந்தால் கொஞ்சம் சுற்றும், அது வயசு, என்றார். நானும் பல வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஷஹீரா அக்காவை நிற்க வைத்தே ஒரு தடவை அளந்தாள். 104. எழுந்ததும் அவ்வளவு இறங்குகிறது.

20 பிப்ரவரி, வியாழன்

நோயாளிகளின் கடைசி எண்களை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் பழைய அட்டைகளை எரிக்கப் போகிறார்கள். நூர்ஜான் அக்காவின் அட்டையை எடுத்தேன். பதினோரு வருடம், எல்லாம் என் கையெழுத்து. 150. 156. 160. 154. 2017-ல் பெரிய டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். 2021-ல் இரவுக்கு இரண்டாவது மாத்திரை.

நடுவில் ஒரு வரி மட்டும் வேறு கையெழுத்து. அக்டோபர் 2019, 126-க்கு 78. நான் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த இரண்டு வாரம், எனக்குப் பதிலாக ஒரு பெண் வந்தாள். வாயைத் திறக்காத பெண். அந்த எண்ணின்மேல் கோடு போட்டிருக்கிறது. பக்கத்தில் 158, என் கையெழுத்து.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அளக்கவே தெரியவில்லை என்று டாக்டரிடம் போய்ச் சொன்னது நான்தான். அவர் என்னை நம்பினார். நான் சொன்னால் நம்புவார்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு கூப்பிடப்படவில்லை. பேர்கூடத் தெரியாது எனக்கு. தெரிந்துகொள்ளவும் இல்லை.

அப்போ போன வருஷம் அக்கா விழுந்தது – நோம்பால இல்ல. மாத்திரையால. மாத்திரை எதால? என் வாயால. சொல்லிப் பார்த்தா எவ்ளோ சுலபமா இருக்கு.

எரிக்க வேண்டிய பெட்டி காலடியில் இருந்தது. அட்டையை அதில் போட்டால் யாருக்கும் தெரியாது. போட்டேன். பிறகு எடுத்தேன். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

21 பிப்ரவரி, வெள்ளி

முதல் நோயாளிக்கு முன்னால் காமினியின் அறைக்குள் போய் அட்டையை மேசைமேல் வைத்தேன். இரண்டு நாள் எண்களையும் எழுதிய தாளை மேலே வைத்தேன். கோடு போட்ட வரியைக் காட்டினேன்.

அவள் விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அதற்குப் பதில் சொல்லவும் தயாராக வந்திருந்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாவும் மறுபடி அளந்து பார்க்கல, ஆன்ட்டி. நானும்தான்."

அது உன் கணக்கு, உன் அப்பா கணக்கு, உங்கள் பெயருக்கு நேரே எழுதிக்கொள், என் கணக்கை நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். என்னைப் பயிற்சி மாணவி ஆக்கியது அநியாயம்தான் என்பதையும் சொன்னேன். இது வேறு, அது வேறு.

இரவு மாத்திரையை இன்றே நிறுத்தச் சொன்னாள். ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் அளந்து எழுதி வர வேண்டும்.

அக்காவிடம் நான்தான் சொல்வேன் என்றேன். திரைக்குப் பின்னால் உட்கார வைத்துச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. எனக்கு அது வராது. நடந்ததை வரிசையாகச் சொன்னேன், அந்தப் பெண்ணின் எண்ணை அடிக்க வைத்தது வரைக்கும்.

"அப்ப பதினோரு வருஷமா என் பிரஷருக்கு நீதான் காரணமா? என் மருமக இல்லையா?"

நான்தான் என்றேன்.

"இத அவகிட்ட சொல்லிராத," என்றார். சிரித்தார். நானும் சிரிக்கப் போனேன். அதற்குள் அவர் கை இடுப்புக்குப் போய்விட்டது. விழுந்த இடத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் காலண்டர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

24 பிப்ரவரி, திங்கள்

அட்டைகளை உட்கார்ந்து பிரித்தேன். நான் அளக்கும்போது கதை கேட்கிற பெண்கள் பத்தொன்பது பேர். நூர்ஜான் அக்கா போகப் பன்னிரண்டு பேருக்கு அழுத்தம் அதிகம் என்று எழுதியிருக்கிறேன். நான் பேசாத ஆண்களுக்கெல்லாம் ஓரளவு சரியாக இருக்கிறது. ஹபீப் முகம்மது அண்ணனுக்கு மட்டும் அதிகம். அவரோடு நான் பேசுவதில்லை, சண்டை போடுவேன்.

‘இன்று நான் கற்றது’ என்ற தாளில் நடந்ததை அப்படியே எழுதினேன். நானூறு சொல் ஆகிவிட்டது. நூறு சொல்லுக்குள் சுருக்கி அனுப்பவும் என்று கல்லூரியிலிருந்து பதில்.

28 பிப்ரவரி

நூர்ஜான் அக்கா வீட்டில் அளந்த தாளைக் கொண்டு வந்தார். 126, 130, 124, 128. ஒரு நாள் மட்டும் 149. அன்று என்ன என்று காமினி கேட்டாள். அளக்கும்போது சலேஹா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எண் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

தலை சுற்றல் இல்லை. நோன்பு பிடிக்கலாம், தலை சுற்றினால் அப்போதே முறிக்க வேண்டும் என்று காமினி சொன்னாள். அக்கா என்னைப் பார்க்காமலேயே சரி என்றார். போகும்போது என்னிடம் வந்து நின்றார். நாற்காலியில் உட்காரவில்லை. "வர்றேன்," என்றார். வள்ளி என்று சொல்லவில்லை.

5 மார்ச், புதன்

பதினான்காவது வேலையில் ஏழு நோயாளி முடிந்தது. திரை, ஐந்து நிமிடம், துணியில்லாத கை, பேச்சில்லை. நோன்பு மாதம், கிளினிக்கில் ஆளே இல்லை.

ஷஹீரா பேனாவை எடுத்தாள். "போதும் ஆன்ட்டி, பத்துன்னு போட்டுர்றேன். நீங்க செய்றத நான் பார்த்துட்டேன்ல."

ஏழுதான் என்றேன். பத்துக்காக அவள் எழுதிவிட்ட ‘1’-ஐ அழிக்கச் சொன்னேன். மை. அழியவில்லை. மேலே கோடு போட்டு, பக்கத்தில் 7 என்று எழுதி, நானே சுருக்கொப்பம் போட்டேன்.

7 மார்ச், வெள்ளி

கடைசி நாள். நேற்று ஒருவர், இன்று காலை ஒருவர். ஒன்பது. ஐந்து மணி வரைக்கும் பத்தாவது ஆள் வரவில்லை. என் கையை அளங்க என்று ஷஹீரா சட்டைக் கையை மடித்தாள். காமினியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். புத்தகத்தில் நோயாளி என்று போட்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரு வியாதியும் கிடையாது. எழுப்பி அனுப்பினேன்.

ஆக, பதினான்கு காலி. கல்லூரிக்குப் போன் செய்தேன். ஒரு வாரம் நீட்டித் தருகிறார்கள். திங்கட்கிழமை கவுண்டருக்கு உள்ளே எனக்கு இடம் இல்லை. வெளியே நோயாளிகளோடு உட்கார்ந்திருப்பேன். ஷஹீரா கூப்பிட்டால் பத்தாவது நோயாளிக்காகத் திரைக்குப் பின்னால் போவேன். அந்தப் பயிற்சி மாணவி அட்டையை மாட்டிக்கொண்டுதான்.

ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது. நூர்ஜான் அக்கா. தலை சுற்றவில்லையாம், ஆறாவது நோன்பாம். திங்கட்கிழமை வரட்டுமா, ஒரு தடவை பார்த்துக்கலாம் என்றார். பிறகு, "நீதானே பார்ப்ப, வள்ளி?" என்றார்.

செய்ய வேண்டியவை:

மிச்சம் பதின்மூன்று காலண்டர் பெட்டியையும் திரைக்குப் பின்னாலிருந்து அகற்றுவது – அடுக்கியவள், அதாவது நான்.

பன்னிரண்டு பெண்களையும் ஒவ்வொருவராகப் போன் செய்து வரவழைப்பது – ஷஹீரா. நான் போன் செய்தால் பேச்சு நீளும்.

அவர்கள் மாத்திரையை மறுபடி பார்ப்பது – காமினி. அட்டையைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து.

2019-ல் வந்த அந்தப் பெண்ணின் பெயரைப் பழைய கோப்பில் தேடுவது, அவள் எண் சரி என்று அவளுக்கு எழுதுவது – நான். வேறு யாரும் எழுதக்கூடாது.

என்னைக் கேட்காமல் என்னை மாணவி ஆக்கியதற்கு ஒரு வார்த்தை சொல்வது – காமினி. இன்னும் சொல்லவில்லை. காத்திருக்கிறேன்.

நூர்ஜான் அக்கா வீட்டில் அளக்கும்போது பக்கத்து அறையில் இருப்பது – சலேஹா.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருப்பது – நான்.

எண்ணை எழுதி முடித்து, பட்டையைக் கழற்றிய பிறகு, மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பது – அதுவும் நான்தான்.